நாலு பலகை, ஒரு சலூன்காரர்

எங்கள் தெரு சலூன்காரருக்குச் சொந்தமாக ஒரு கருத்து கிடையாது என்பது ஊரறிந்த செய்தி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கருத்துள்ளவர்கள் தெருவில் தடுக்கி விழுந்தால் தட்டுப்படுகிறார்கள். இரண்டு கிருதாவையும் ஒரே உயரத்தில் நிறுத்தத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான்.

தொழிலுக்கு வந்த புதிதில் அவருக்கும் கருத்துகள் இருந்தன. ஒருநாள் முகமெல்லாம் நுரையோடு நாற்காலியில் சாய்ந்து கிடந்த வாடிக்கையாளர், "இந்த மழை நாளைக்கு நின்னுடும் பாருங்க" என்றார். "எனக்கென்னமோ அப்படித் தோணல" என்றார் இவர். சொன்னது தவறில்லை, சொன்னபோது கத்தி தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் இருந்ததுதான் சிக்கல். வாடிக்கையாளர் கண்ணைத் திறந்து கத்தியைப் பார்த்தார். "நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்றார், உதடு அசையாமல். அப்புறம் அந்த மனிதர் தாடி வளர்த்துக்கொண்டுவிட்டதாகக் கேள்வி. கத்தி பிடிக்கிற கை கருத்துப் பிடிக்கக் கூடாது என்று சலூன்காரர் அன்றைக்கு முடிவு செய்தார். அதுவே அவருடைய கடைசிக் கருத்து.

அதிலிருந்து எல்லாவற்றுக்கும் "ஆமா சார்"தான். இந்தக் கட்சிதான் ஜெயிக்கும் என்று ஒருவர் சொன்னால் ஆமா சார். அடுத்து உட்கார்ந்தவர் அந்தக் கட்சிக்கு டெபாசிட்டே கிடைக்காது என்றால், துணியை உதறிப் போர்த்தியபடி, ஆமா சார். இரண்டு பேரும் நிறைவாக எழுந்து போவார்கள். அவருடைய மனைவி அடுத்த கடையில் திரைச்சீலை தைத்து, வீடு வீடாகப் போய் ஏணியில் ஏறி மாட்டிவிட்டு வருகிறவர். வாயிலும் ஊசி வைத்திருப்பவர்.

"இவர் மண்டைக்குள்ள இருக்கறதெல்லாம் இந்தத் தரையில கிடக்கற முடி மாதிரி" என்பார். "எல்லார் தலையிலேருந்தும் விழுந்தது. இவருதுன்னு ஒண்ணு கிடையாது."

சலூன்காரர் முழு வழுக்கை என்பதால் இந்த உவமையை யாரும் மறுத்ததில்லை.

இப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரு விளையாட்டுப் பெட்டி வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் பஸ் டிரைவர். யாரோ பஸ்ஸில் விட்டுப் போன பெட்டி, டெப்போவில் கேட்பாரற்றுக் கிடந்து, கடைசியில் அவர் கையில் விழுந்தது. சலூனுக்கு வார விடுமுறை நாள் பிற்பகல், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆடத் தொடங்கினார்கள்.

ஆட்டம் சுலபம். ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் ஒரு சீட்டை எடுத்து அதிலிருக்கும் சொல்லைப் பார்ப்பார்கள். ஒருவரோடொருவர் பேசாமல், அந்தச் சொல்லை நினைவூட்டுகிற ஒரே ஒரு வார்த்தையைத் தங்கள் பலகையில் எழுதுவார்கள். பிறகு பலகைகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இரண்டு பேர் ஒரே வார்த்தையை எழுதியிருந்தால் இரண்டையும் அழித்துவிட வேண்டும். மிச்சமிருப்பதை மட்டும் பார்த்து, கண்ணை மூடியிருந்தவர் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். ஜெயித்தால் எல்லாரும் ஜெயித்தார்கள். தோற்றால் எல்லாரும் தோற்றார்கள். எதிரி என்று யாரும் கிடையாது. அதனால்தான் சண்டை அதிகம்.

சலூனில் முன்னாலும் பின்னாலும் கண்ணாடி. சும்மா திரும்பி உட்கார்ந்தால் எல்லாருடைய பலகையும் தெரியும். எனவே கண்டுபிடிக்கிறவர் முடிவெட்டும் நாற்காலியில் சாய்ந்து, முகத்தில் துண்டைப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. பலகையை அழிக்க ஷேவிங் பஞ்சு. பெட்டியில் வந்தவை ஐந்து பலகைகள். முதல் வாரமே நாற்காலியை இறக்கும்போது ஒன்று அடியில் மாட்டி நொறுங்கிவிட்டதால், மிச்சம் நாலு.

நாலு பலகைக்கு ஐந்து பேர் கணக்காக இருந்தார்கள். சலூன்காரர், அவர் மனைவி, பஸ் டிரைவர், மாடியில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டரம்மா, அப்புறம் ரூல்ஸ். ரூல்ஸ் என்பது பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரின் பட்டப்பெயர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான். விதிமுறைகள் இன்னும் பணியில் இருக்கின்றன. பெட்டிக்குள் இருந்த விதித்தாளை அவர்தான் சட்டைப் பையில் வைத்திருப்பார்.

சலூன்காரருக்கு இந்த ஆட்டம் எப்படிப் பிடித்துப்போனது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அவர் கையில் ஒரு பலகையைக் கொடுத்து, ஒரு மார்க்கரைக் கொடுத்து, உனக்கு என்ன தோன்றுகிறது, எழுது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. இந்த ஆட்டத்தில் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் சொன்னார்கள். மற்ற நாட்களில்கூட, ஒரு தலையில் கத்தரியை வைத்தபடி அப்படியே நின்றுவிடுவார்.

"என்னாச்சு?" என்பார் தலைக்குரியவர், பயந்துபோய்.

"ஒண்ணுமில்ல சார். பாலம்னு ஒரு சொல்லு வந்தா என்ன எழுதலாம்னு பாத்தேன்."

ஆசை இருந்தது. யோகம்தான் இல்லை. அவர் எழுதுவது எல்லாம் யாரோடாவது மோதியது. குடை என்று வந்தபோது, எல்லாரும் மழை என்றுதான் எழுதுவார்கள், நாம் மாற்றி எழுதுவோம் என்று யோசித்து, பஸ் என்று எழுதினார். பயணிகள் பஸ்ஸில் குடையை மறந்துவிட்டுப் போகும் கதையை டிரைவர் ஒவ்வொரு முடிவெட்டுக்கும் அவரிடம் சொல்லியிருக்கிறார். டிரைவர் பலகையிலும் பஸ். இரண்டும் போயிற்று. ஐஸ்கிரீம் என்ற சொல்லுக்கு அவர் கூச்சம் என்று எழுதினார். உலகத்தில் இன்னொருவருக்கு அது தோன்றுமா? தோன்றியது. பல் டாக்டரம்மா, மின்விசிறிக் காற்றுக்காகக் கீழே இறங்கி வந்து உட்கார்ந்து, பல் கூச்சத்தைப் பற்றித்தான் எப்போதும் பேசுவார். காகிதம் என்பதற்கு நகல் என்று எழுதி ரூல்ஸோடு மோதினார். வெங்காயத்துக்குக் கண்ணீரோ சமையலோ எழுதாமல் ஏணி என்று எழுதினார். ஒரு வீட்டில் கீழே வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, கண் எரிய ஏணி மேலே நின்று திரை மாட்டிய கதை அவர் மனைவியுடையது. மனைவி பலகையிலும் ஏணி.

"வெங்காயத்துக்கு ஏணியா?" என்று டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு ஆள் எழுதினா பைத்தியம்னு விடலாம். ரெண்டு பேர் எழுதியிருக்கீங்களே! என்ன பொருத்தம் மாப்ளே இது!" டிரைவருக்குச் சலூன்காரர் மனைவி தங்கச்சி முறை, அதனால் சலூன்காரர் மாப்பிள்ளை. வெறும் வாய்முறைதான், கேலி செய்ய ஒரு லைசென்ஸ் வேண்டுமே.

"அவர் கெடுத்தது அவர் பலகையை மட்டும் இல்ல, என்னுதையும் சேர்த்து" என்றார் மனைவி.

அதுதான் ரூல்ஸ் பிடித்துக்கொண்ட நுனி. இவருடைய ஒரு வார்த்தை அழியும்போது இன்னொருவருடைய நல்ல வார்த்தையும் அழிகிறது. பெட்டியின் பின்பக்கம் மதிப்பெண்ணுக்கு ஏற்ப வாழ்த்துகள் அச்சிட்டிருந்தார்கள். மேல்வரிசையில் "அபாரம்!", கீழ்வரிசையில் "பரவாயில்லை, மீண்டும் முயலுங்கள்". இவர்கள் மீண்டும் முயன்றுகொண்டே இருந்தார்கள். அலுவலகத்தில் முப்பது வருஷம் மற்றவர்களின் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிய ஒருவரால், ஒரு அட்டைப்பெட்டி தன்னைத் திருப்பி அனுப்புவதைத் தாங்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மாவின் தம்பி வந்து சேர்ந்தார். வெளியூரில் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்; இப்போது மாற்றலாகி அக்கா வீட்டுக்கு அருகிலேயே வந்துவிட்டார். இந்த ஆட்டத்தை அங்கே நண்பர்களோடு ஆடியிருக்கிறாராம். இதை அவர் ஒரே ஒருமுறை, அதுவும் தேநீர் குடிக்கும்போது, சொன்னார். ரூல்ஸுக்கு அது போதும்.

நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருவரை வெளியே அனுப்ப வேண்டுமென்றால் முதலில் அவருக்கு ஒரு பதவி கொடுப்போம். ரூல்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"நமக்கு ஒரு நடுவர் இல்லாதது பெரிய குறையா இருக்கு. அடுத்த வாரம் ஒரு ஆட்டம் ஆடட்டும், அதுக்கப்புறம் நம்ம சலூன்காரர் நடுவர். அந்த இடத்துல தம்பி ஆடட்டும். பலகை நாலுதானே இருக்கு."

"நடுவர்னா என்ன பண்ணணும்?" என்றார் டிரைவர்.

"மார்க் சொல்லணும். நேரம் முடிஞ்சா மணி அடிக்கணும்."

"மணி எங்க இருக்கு?"

"வாங்கிக்கலாம்."

மணி வாங்கலாம் என்று தோன்றியவருக்குப் பலகை வாங்கலாம் என்று தோன்றவில்லை. நிர்வாக அனுபவம் என்பது இதுதான்.

எல்லாரும் சலூன்காரரைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த மார்க்கருக்கு மூடி போட்டு, கழற்றி, மறுபடி போட்டார்.

"ஆமா சார்" என்றார். "அதுவும் சரிதான்."

வீட்டுக்கு நடக்கும்போது மனைவி பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு ஆட ஆசை இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் ஏன் ஆமான்னீங்க?"

"அவர் கேட்டாரே."

"கேட்டா? நாளைக்கு என்னையும் வேணும்னு கேட்டா?"

"உன்னை யாரு கேக்கப் போறா" என்றார் சலூன்காரர். கருத்து இல்லாவிட்டாலும் தைரியம் இருந்திருக்கிறது. அன்று வீட்டில் அவருக்கு யாரும் தட்டு எடுத்து வைக்கவில்லை. அவரே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டார்.

அடுத்த வாரம். காத்திருப்போர் பெஞ்சில் டாக்டரம்மாவின் தம்பி ஒரு பழைய வாரப் பத்திரிகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அக்கா, நான் சும்மா பாக்கறேனே" என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். "டேய், பேசாம இரு. பெரியவங்க ஏற்பாடு பண்ணியிருக்காங்க" என்று டாக்டரம்மா அடக்கிவிட்டார். சலூன்காரர் ஆடப்போகும் கடைசி ஆட்டம் என்று எல்லாருக்கும் தெரியும். வழக்கத்தைவிட மரியாதையாக நடந்துகொண்டார்கள். ஒருவர் போகப் போகிறார் என்றால் நமக்கு வருமே, அந்த மரியாதை.

ஆட்டம் முழுக்க அவர் எழுதியதில் பாதி அழிந்தது. கடைசிச் சீட்டுக்குக் கண்டுபிடிக்கும் முறை அவருடையது. தன்னுடைய நாற்காலியிலேயே வாடிக்கையாளரைப்போல் சாய்ந்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டார். அந்த நாற்காலியில் அவர் உட்காருவது இந்த ஆட்டத்துக்காக மட்டும்தான்.

சீட்டில் இருந்த சொல் படிக்கட்டு.

டிரைவர் யோசிக்கவே இல்லை. தொங்காதே என்று எழுதிவிட்டார். சலூன்காரர் மனைவியும் டாக்டரம்மாவும் எழுதிவிட்டுப் பலகைகளைத் திருப்பினார்கள். இரண்டிலும் முழங்கால். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு பெருமூச்சோடு இரண்டையும் அழித்தார்கள். அதற்கப்புறம் ரூல்ஸ் தன் பலகையைத் திருப்பினார். அதில் மாடிப்படி என்று எழுதியிருந்தது.

சீட்டில் உள்ள சொல்லையோ அதன் பகுதியையோ எழுதக் கூடாது என்பது விதித்தாளில் முதல் பத்தி. அதை எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டியவரே அவர்தான். டிரைவர் பலகையைச் சுட்டினார். ரூல்ஸ் இல்லை என்று தலையாட்டினார். டிரைவர் மாடியைக் கையால் மறைத்துவிட்டு மிச்சத்தைக் காட்டினார். ரூல்ஸ் படியைக் கையால் மறைத்துவிட்டு மாடியைக் காட்டினார். துண்டுக்கடியில் ஒருவர் காது கொடுத்துக்கொண்டிருப்பதால் இந்தச் சண்டை முழுக்கச் சத்தமில்லாமல் நடந்தது. உதட்டசைவில் டிரைவர் சொன்னதை இங்கே அச்சிட முடியாது. கடைசியில் சலூன்காரர் மனைவி எழுந்து, பஞ்சை எடுத்து, ரூல்ஸின் பலகையைச் சுத்தமாகத் துடைத்து, அவர் மடியிலேயே வைத்தார்.

துண்டை எடுத்தார்கள். சலூன்காரர் பார்த்தார். மூன்று பலகைகள் வெள்ளை. டிரைவருக்கு முன்னால் மட்டும் ஒரு வார்த்தை.

"ஒண்ணுதான் மிச்சம் இருக்கு" என்றார் ரூல்ஸ், பலகையைத் தடவியபடி. "தெரியலைன்னா பாஸ்னு சொல்லிடலாம். தப்பாச் சொன்னாத்தான் மார்க் குறையும். பாஸ்தானே?"

சலூன்காரர் வாயில் ஆமா வந்துவிட்டது. அரைவாசி வெளியே தெரிந்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவர் எழுந்து நின்றார். நின்றதும், பழக்கத்தில், உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பின்னால் போனார். தலைகளுக்குப் பின்னால் நின்றால்தான் அவருக்கு யோசனை ஓடும்.

டிரைவர் தலைக்குப் பின்னால் நின்றார்.

"தொங்காதே. இது மச்சான் நாள் முழுக்கக் கத்தற வார்த்தை. இதுல அவரோட யாரும் மோத முடியாது. நான் ஒருத்தன்தான் மோதியிருப்பேன்."

"அதென்னமோ உண்மை மாப்ளே" என்றார் டிரைவர்.

மெதுவாக நகர்ந்து மனைவிக்கும் டாக்டரம்மாவுக்கும் நடுவில் வந்தார்.

"இவங்க ரெண்டு பேரும் ஒரே வார்த்தை எழுதியிருக்காங்க."

"எப்படி அங்கிள்?" என்றார் பெஞ்சிலிருந்த தம்பி, பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு.

"மூஞ்சியப் பாருங்க தம்பி. ரெண்டும் இன்னும் சிரிப்பை அடக்குது." அவர் கை தன்னையறியாமல் காற்றில் கத்தரி பிடித்தது. "ஆனா இதுதான் அதிசயம். இவ ஃபேனை வேகமா வைன்னா டாக்டரம்மா குறைன்னுவாங்க. இவ சர்க்கரை போடுன்னா அவங்க பல்லுக்கு ஆகாதும்பாங்க. ரெண்டு பேரும் ஒரே மாதிரி பேசி நான் கேட்டது ஒரே ஒரு விஷயம். முழங்கால் வலி. இவளுக்கு ஏணி ஏறி. அவங்களுக்கு மாடி ஏறி."

சலூன்காரர் கண்ணாடியில் தெரிந்த எல்லார் முகத்தையும் ஒருதரம் பார்த்தார்.

"முழங்காலும் வலிக்கணும், தொங்கவும் கூடாது" என்றார். "படிக்கட்டு."

டிரைவர் பெஞ்சில் ஓங்கித் தட்டினார். பெஞ்சிலிருந்த தம்பி துள்ளி விழுந்தார். டாக்டரம்மா சிரிப்பை அவிழ்த்துவிட்டார். மனைவி புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார், கடையில் விலை தெரியாத துணியைப் பார்ப்பதுபோல.

"செல்லாது" என்றார் ரூல்ஸ்.

"என்ன சார் செல்லாது? சொல்லிட்டாரே!" என்றார் டிரைவர்.

"பலகையில இருக்கறதை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். அழிச்சது அழிச்சதுதான். அழிச்சதை வெச்சு யோசிக்கக் கூடாது."

"இல்ல சார்."

டிரைவர் ஷட்டர் பக்கம் திரும்பிப் பார்த்தார். யாரோ புது ஆள் உள்ளே வந்துவிட்டதாக நினைத்தாராம்.

"இல்ல சார்" என்றார் சலூன்காரர் மறுபடியும். குரல் கொஞ்சம் நடுங்கியது; ஓட்டிப் பழகாத வண்டி அல்லவா. "பலகையைத்தான் அழிச்சீங்க. யோசிக்கக் கூடாதுன்னு தாள்ல எழுதல."

ரூல்ஸ் சட்டைப் பையில் கைவிட்டுத் தாளை எடுத்தார். முதலிலிருந்து கடைசிவரை படித்தார். திருப்பியும் பார்த்தார். பின்பக்கம் வேறு ஏதோ மொழியில் அதே விதிகள் இருந்தன.

"எழுதலதான்" என்றார். எப்படிப்பட்டவராக இருந்தாலும், தாளில் இல்லாததை இருக்கிறது என்று சொல்கிற ஆள் அவர் இல்லை. இதை அவர் கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும்.

"இன்னொண்ணு சார். அந்த நடுவர் வேலை எனக்கு வேண்டாம்."

"ஏங்க, நல்ல மரியாதையான—"

"வேண்டாம் சார். எனக்கு எழுதணும்."

"எழுதினா அழியுதே?"

"அழிஞ்சா அழியட்டும். எழுதினேன்ல."

ரூல்ஸ் தாளை மறுபடியும் புரட்டிப் பார்த்தார். இதற்கும் அதில் விதி இல்லை. டாக்டரம்மா தம்பியைப் பார்த்தார். தம்பி, நான் அப்பவே சொன்னேனே என்பதுபோல் அக்காவைப் பார்த்துவிட்டு, மறுபடி பத்திரிகையை எடுத்தார்.

"இருங்க தம்பி, வெக்காதீங்க... அதாவது, எடுக்காதீங்க" என்றார் சலூன்காரர். பேச வந்த வேகத்தில் எது முன்னே எது பின்னே என்று புரியவில்லை அவருக்கு. அலமாரிப் பக்கம் போனார். முடி வெட்டி முடித்ததும் பின்தலையைக் காட்டுவதற்காக வைத்திருக்கும் வட்டக் கண்ணாடியை எடுத்தார். சட்டையில் துடைத்தார். ஒரு மார்க்கரோடு சேர்த்துத் தம்பியிடம் நீட்டினார்.

"இதுல எழுதுங்க. துடைச்சாப் போயிடும்."

எல்லாரும் அந்தக் கண்ணாடியைப் பார்த்தார்கள். ரூல்ஸ் அதை வாங்கி, ஓரத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு, விரலால் தேய்த்துப் பார்த்தார். போய்விட்டது. இன்னொரு கோடு போட்டார். அதுவும் போய்விட்டது.

"தற்காலிகமா அனுமதிக்கலாம்" என்றார்.

"அப்ப மணி வாங்க வேண்டாமா சார்?" என்றார் டிரைவர்.

ரூல்ஸ் நாற்காலியில் போய்ச் சாய்ந்து, துண்டை எடுத்துத் தானே முகத்தில் போர்த்திக்கொண்டார். அடுத்த ஆட்டத்துக்கு முதல் முறை அவருடையதுதான். என்றாலும் அவ்வளவு வேகமாக அவர் போர்த்திக்கொண்டு யாரும் பார்த்ததில்லை.

புதுச் சீட்டு எடுத்தார்கள். ஐந்து பேரும் குனிந்தார்கள். தம்பி எழுதுவதற்காகக் கண்ணாடியை முகத்துக்கு நேரே தூக்கினார். தன் முகத்தைப் பார்த்தார். எழுதுவதை விட்டுவிட்டு முன்முடியைச் சரிசெய்தார். பக்கத்தில் சலூன்காரர் மார்க்கரின் மூடியைக் கழற்றிவிட்டு, எழுதாமல், அந்தத் தலையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதை யாரு வெட்டினது?"

"அங்க, ஆபீஸ் பக்கத்துல ஒரு கடையில அங்கிள். ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா இல்ல" என்றார் சலூன்காரர். "பின்னாடி ரொம்ப ஏத்திட்டான். இடது பக்கம் ஒரு மாதிரி, வலது பக்கம் ஒரு மாதிரி. அப்புறம் இந்தக் கிருதா—"

மனைவி முழங்கையால் அவரை இடித்தார்.

"போதும். எல்லாத்தையும் இன்னைக்கே சொல்லித் தீத்துடாதீங்க. எழுதுங்க."